ரோட்டுக்கு அந்தப் பக்கம்

திருநெல்வேலியில் பஸ் ஏறி, மானூர், தேவர்குளம் தாண்டிச் சங்கரன்கோவில் போகிறவர்களுக்குப் பனவடலிசத்திரம் ஒரு நிறுத்தம். டீக்கடையும், மூட்டையோடு ஏறுகிற பெண்களும், போலீஸ் ஸ்டேஷன் போர்டும் கண்ணில் படும். கண்டக்டர் விசில் கொடுத்ததும் ஊர் பின்னால் போய்விடும். ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு அந்த ரோடு வேறு மாதிரி. நாங்கள் அதில் பயணம் போவதைவிட அதைக் கடப்பதுதான் அதிகம். வீடு ஒரு பக்கம் என்றால் காடு மறுபக்கம். பள்ளிக்கூடம் ஒரு பக்கம் என்றால் பலசரக்குக் கடை எதிர்ப்பக்கம். திருநெல்வேலி பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் நின்றால் சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். பிறந்த வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கும் நடுவே இந்த ரோடு கிடக்கிற பெண்களும் இருக்கிறார்கள்.

நான் சின்னப் பையனாக இருந்த 1970-களில் அது ஒற்றைத் தார் ரோடு. இரண்டு ஓரமும் சரள் மண், அதை ஒட்டிப் புளியமரங்கள். மரத்தின் இடுப்பில் வெள்ளையடித்து நம்பர் போட்டிருப்பார்கள். புளி மகசூலை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். எதிரெதிரே இரண்டு பஸ் வந்துவிட்டால் இரண்டுமே வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் விலகவேண்டும். விலகுகிற நேரத்தில் இரண்டு டிரைவர்களும் ஜன்னல் வழியே ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள். "சங்கரன்கோவில்ல நல்ல மழையாக்கும்" என்கிற சேதி அப்படித்தான் எங்கள் ஊரைத் தாண்டிப் போகும். அவ்வளவு மெதுவாக அந்த வண்டிகள் போயின.

பருத்திப் பொதியும் மிளகாய் வற்றலும் ஏற்றிய மாட்டு வண்டிகள் ராத்திரியில்தான் கிளம்பும். வெயிலில் மாடு தாங்காது. வண்டியின் அச்சுக்குக் கீழே ஒரு அரிக்கேன் விளக்கு தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தரையோடு தரையாக ஒரு மஞ்சள் வெளிச்சம் ஆடிக்கொண்டு வரும், கூடவே மாடுகளின் காலும் சக்கரத்தின் ஆரக்கால்களும் நிழலாக ரோட்டில் நீளும். வண்டிக்காரர் பாதி வழியில் தூங்கிவிடுவார். பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்ப்பார், அசைவில்லையென்றால் இறங்கி வந்து எழுப்பிவிட்டுப் போவார்.

அறுவடை நேரத்தில் ரோடே எங்களுக்குக் களம். கொள்ளுச் செடியையும் உளுந்தஞ் செடியையும் தாரின் மேல் பரப்பிவிட்டால் வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிர்ந்துவிடும். பெண்கள் வாருகோலோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அது நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன். அதில் சைக்கிள் வழுக்கி விழுந்து கை ஒடிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் செடிப் படுக்கையைத் தூரத்தில் கண்டதும் பஸ் டிரைவர் கியரைக் குறைப்பார். அங்கே ஆட்கள் இருப்பார்கள், குனிந்து வேலை பார்ப்பார்கள், குழந்தையும் கூட இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. தெற்குச் சீமையில் நடந்து போனவர்களுக்காக எத்தனையோ சத்திரங்கள் எழும்பின. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டார், மரம் வைத்தார், சத்திரம் கட்டினார் என்று இன்றும் பேசுகிறோம். அவர் பெயரால் மங்கம்மாள் சாலை என்று அழைக்கப்படும் பாதைகள் இன்னும் இருக்கின்றன. சாலை போட்டவர் நிழலையும் தங்குமிடத்தையும் சேர்த்தே யோசித்தார் என்பதுதான் அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கால்நடையாக வருகிறவனுக்கு எங்கே களைக்கும், எங்கே தண்ணீர் வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

அந்தக் காலமெல்லாம் ஆபத்தே இல்லாத காலம் என்று எழுதினால் பொய். பிரசவத்தில் சிக்கிய பெண்ணை நார்க்கட்டிலில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, எந்த லாரி வரும் என்று கைகாட்டிக் காத்திருந்த ராத்திரிகள் எங்கள் தெருவில் உண்டு. பாம்பு கடித்தவரைத் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் வழியிலேயே இழந்திருக்கிறோம். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வண்டி வந்தது. ரோடும் அகலமானது. அந்த வண்டி சங்கரன்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ பறக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்தக் கட்டிலை நினைத்துக்கொள்வேன். ஆகவே இந்த ரோடு வேண்டாம், பழைய ரோடே போதும் என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் வாய் வராது, எனக்கும் வராது. நான் கேட்பது அந்த ரோடு ஊருக்குள் நுழைந்து வெளியேறுகிற கொஞ்ச தூரத்தைப் பற்றி மட்டும்.

சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு லைட் இல்லாத சைக்கிளில் ராத்திரி போனால் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். டைனமோ வாங்க வசதியில்லாதவர்கள் மெழுகுவர்த்தியைக் காகிதக் கூண்டுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். டபுள்ஸ் போனாலும் குற்றம்தான். பின்னால் இருப்பவன் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே குதித்து, நடந்து தாண்டி, அப்பால் போய் மறுபடி ஏறிக்கொள்வான். மாட்டு வண்டிக்கும் விளக்கு வேண்டும். மணிக்கு நாலு மைல் போகிற வண்டிக்குக் கட்டுப்பாடு இருந்தது, அதைக் கேட்க ஆளும் இருந்தது. மெதுவாகப் போகிற வண்டியாலும் எதிரே வருகிறவனுக்குக் கேடு வரலாம் என்று அன்றைய அதிகாரம் கவலைப்பட்டது. இன்றைக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டரில் ஊருக்குள் நுழைகிற காரை நிறுத்திக் கேட்க ஆள் இருப்பது அபூர்வம்.

எனக்கு மறக்காத ஒரு ஆள் உண்டு. ரோட்டில் போகிற வண்டிகளை எண்ண வந்தவர். புளியமரத்து நிழலில் ஒரு மடக்கு நாற்காலி, மடியில் கட்டம் போட்ட தாள், காதில் பென்சில். ராத்திரிக்கு வேறொருவர் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வந்து மாற்றிக்கொள்வார். இப்படி ஒரு வாரம் எண்ணுவார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். பஸ் போனால் ஒரு கோடு, லாரி போனால் ஒரு கோடு, சைக்கிளுக்கு ஒரு கோடு, மாட்டு வண்டிக்கு ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. ஒரு நாள், பருத்தி எடுத்துவிட்டுப் பெண்கள் கூட்டமாகத் திரும்புகிற நேரம். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, ரோட்டை அடைத்துக்கொண்டு பேசிச் சிரித்து வந்தார்கள். அவர் பென்சில் அசையவில்லை.

"இவங்களை எதுல எழுதணும், மாமா?"

"நடக்கிறவங்களுக்கு இதுல கட்டம் கிடையாது, தம்பி. வண்டி மட்டும்தான்."

அன்றைக்கு அது எனக்குச் சாதாரணமான பதிலாகத்தான் பட்டது. பின்னாளில் சாலைக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று படித்தபோது அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. 1934-இல் தொடங்கிய இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்தான் நம் நாட்டுச் சாலைகளுக்கு அளவு வகுக்கிறது. கிராமத்துச் சாலையில் எந்த வண்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கு அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. காரை ஒன்று என்று வைத்துக்கொண்டால் சைக்கிள் அரை, பெரிய மாட்டு வண்டி எட்டு. மாட்டு வண்டி ஒன்று போனால் எட்டுக் கார் போன மாதிரி. இந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான் ரோட்டை எவ்வளவு அகலப்படுத்துவது என்று முடிவாகிறது. ஒற்றைத் தடம் என்றால் மூணே முக்கால் மீட்டர், இரட்டைத் தடம் ஏழு மீட்டர், ஓரங்களுக்கும் தார் பூசினால் பத்து மீட்டர். நடக்கிற பெண்ணும் பள்ளிக்கூடப் பிள்ளையும் அந்தக் கூட்டலில் வரமாட்டார்கள்.

நடப்பவர்களுக்கென்று தனியாக வழிகாட்டி இல்லாமல் இல்லை. அதே இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்ற நூலே அதற்காக இருக்கிறது. எங்கே கடக்கும் இடம் அமைப்பது என்பதற்கு, நெரிசல் நேரத்தில் கடக்கிற ஆட்களின் எண்ணிக்கையை வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு பெருக்கிப் பார்க்கச் சொல்கிறது. நல்ல முறைதான். ஆனால் எங்கள் ஊர் மாதிரியான இடத்தில் ஆட்களை எண்ண யாரும் வந்து நான் பார்த்ததில்லை. பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை என்ன வரும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

ரோடு அகலமானது ஒரே நாளில் நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் தாராகியது. மரங்கள் போயின. வளைவுகள் நிமிர்ந்தன. கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்துப் பஸ்கள் 1997-க்குப் பிறகு பெயர் மாறின, புது எஞ்சினோடு வந்தன. கரிசல் காட்டில் காற்றாலைகள் முளைத்தன. அவற்றின் இறக்கையை ஏற்றி வருகிற டிரெய்லர் ஊருக்குள் நுழைந்தால் முன்னாலும் பின்னாலும் ஆட்கள் கொடி பிடித்து நடந்து வருவார்கள். எங்கள் ரோட்டில் இப்போது மிகவும் பத்திரமான வண்டி அதுதான். அதற்குப் பின்னால் எம்-சாண்ட் டிப்பர், டைம் பார்த்து ஓடுகிற பஸ், குற்றாலம் போகிற வேன், தவணையில் எடுத்த பைக்கில் பறக்கிற பிள்ளைகள். எல்லோருக்கும் ரோடு வழவழவென்று கிடக்கிறது. வேகமாகப் போகச் சொல்லி ரோடே கூப்பிடும்போது ஓரத்தில் "மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு தகரப் பலகையை நட்டுவைத்து என்ன பயன்?

நடக்கிறவர்களும் குறையவில்லை. விடிகாலையில் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போகிறார்கள். சுற்றிய பீடியைத் தட்டில் வைத்துத் துணி மூடிக்கொண்டு ஒப்படைக்கப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் கூடியிருக்கிறார்கள். எவ்வளவோ பேருக்கு அது புது வாழ்வு. பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் போகும்போதோ வரும்போதோ ஒரு தடவை ரோட்டைக் கடந்தாக வேண்டும். நடக்க ஓரமும் இல்லை. தார் ஏற ஏற ஓரம் பள்ளமாகிவிட்டது. பள்ளத்துக்கு அப்பால் சீமைக்கருவேல் முள் தாரின் விளிம்புவரை சாய்ந்து கிடக்கிறது. முள்ளுக்கும் டிப்பருக்கும் நடுவில் வெள்ளைக் கோட்டின் மேல்தான் நடக்கிறார்கள்.

என் சின்னத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, இரண்டு முட்டியிலும் வலி. அவள் ரோட்டைக் கடப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள், தாரில் வாருச்செருப்பு தடுக்கும் என்று பயம். முந்தானையை இழுத்துச் செருகுவாள். வலது பக்கம் பார்ப்பாள், இடது பக்கம் பார்ப்பாள், மறுபடி வலது. கால் ஒன்றை எடுத்துவைத்துப் பின்னால் இழுத்துக்கொள்வாள். "அவன் வார வேகத்துல நான் என்னத்தய்யா கண்டேன்" என்பாள். எதிர்க்கடை அண்ணாச்சி கையைக் காட்டி, "இப்ப வா, ஆத்தா, வா வா" என்று சத்தம் போடுவார். அப்புறம்தான் இறங்குவாள்.

அவள் நடை நொடிக்கு முக்கால் மீட்டர் இருக்கும். பத்து மீட்டர் ரோட்டைத் தாண்டப் பதின்மூன்று நொடி வேண்டும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் அந்தப் பதின்மூன்று நொடியில் கிட்டத்தட்ட முந்நூறு மீட்டரைத் தின்றுவிடும். அதாவது, முந்நூறு மீட்டருக்கு அப்பால் வருகிற வண்டியையும் அதன் வேகத்தையும் கண்புரை எடுத்த ஒரு கிழவி சரியாக மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் உயிர் போகும். அதே கார் முப்பதில் வந்தால் நூறு மீட்டர் சொச்சம் பார்த்தால் போதும். டிரைவர் திடீரென்று அவளைக் கண்டு பிரேக் போட்டால், முப்பதில் பதின்மூன்று, பதினான்கு மீட்டருக்குள் நின்றுவிடும். எண்பதில் வந்தால் நிற்க அறுபது மீட்டர் பக்கம் ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்போகிற விபத்துக்கான அபாயம் நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐம்பதில் மோதுவதற்கும் அறுபத்தைந்தில் மோதுவதற்கும் இடையில், நடப்பவர் சாகிற வாய்ப்பு நாலரை மடங்கு ஏறுகிறதாம்.

ஊருக்குள் மெதுவாகப் போனால் வண்டிக்காரருக்கு என்ன நஷ்டம்? கடைகளும் நிறுத்தமும் இருக்கிற பகுதி அரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எண்பதில் போனால் இருபத்திரண்டரை நொடி. முப்பதில் போனால் ஒரு நிமிஷம். வித்தியாசம் நாற்பது நொடிகூட இல்லை. சங்கரன்கோவில் ரயில்வே கேட்டில் நின்றால் இதைவிட அதிகம் போகும். என் அத்தை ஒரு இடைவெளிக்காகக் கால் கடுக்க நிற்கிற நேரம் அதைவிட எத்தனையோ மடங்கு. அந்த நாற்பது நொடியைக் காப்பாற்றத்தான் இத்தனை பேர் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள்.

வேகத்தடை எப்படி வருகிறது என்பதை இந்தப் பக்கத்து ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு சாவு விழ வேண்டும். பிறகு மறியல். உடலை எடுக்க விடாமல் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் பஸ்கள் வரிசை கட்டும். தாசில்தார் வருவார், பேச்சுவார்த்தை நடக்கும், "வேகத்தடை போட்டுத் தருகிறோம்" என்று உறுதி கிடைக்கும். மறியல் கலையும். ஒரு வாரத்துக்குள் தாரைக் கொட்டி ஒரு மேடு போட்டுவிடுவார்கள். ஆகவே இந்த வட்டாரத்தில் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம், இங்கே யார் வீட்டுப் பிள்ளை போயிற்றோ என்றுதான் எனக்குத் தோன்றும். பெயர் எழுதாத நடுகல் மாதிரி ரோட்டின் குறுக்கே கிடக்கிறது. கொஞ்ச வருஷத்தில் ரோட்டுக்குப் புதுத் தார் போடுவார்கள். மேடு புதைந்துவிடும், திரும்பப் போட மாட்டார்கள். கேட்டால், இங்கே விபத்து ஒன்றும் நடக்கவில்லையே என்பார்கள். விபத்து நடக்காததற்குக் காரணமே அந்த மேடுதான் என்று யார் எடுத்துச் சொல்வது?

அவசரத்தில் கொட்டுகிற மேடும் சரியாக இருப்பதில்லை. செங்குத்தாக, குறுகலாக, வெள்ளை பூசாமல் இருக்கும். ராத்திரியில் பைக்கில் வருகிறவன் அதில் ஏறித் தூக்கியெறியப்படுகிறான். கர்ப்பிணி இருக்கிற ஆட்டோ குலுங்குகிறது. பிறகு வேகத்தடையே ஆபத்து என்று இன்னொரு பேச்சு கிளம்பும். ஐ.ஆர்.சி. சொல்கிற மேடு அப்படி இருக்காது. அகலம் 3.7 மீட்டர், உயரம் பத்தே சென்டிமீட்டர். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனை அது தூக்கிப் போடாது, படகில் ஏறி இறங்கின மாதிரிக் கடந்துவிடலாம். முன்கூட்டியே அறிவிப்புப் பலகை, மேட்டின் மேல் வெள்ளைப் பட்டை, பக்கத்தில் ஒரு விளக்கு. இதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை.

ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. நெதர்லாந்தில் 1971-இல் சாலை விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தாய்மார்கள் தெருவை மறித்தார்கள், "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று ஒரு இயக்கமே கிளம்பியது. அங்கே அது ஒரு மேட்டோடு முடியவில்லை. குடியிருப்புத் தெருவை எப்படிப் போடுவது என்கிற விதியையே மாற்றினார்கள். இன்றைக்குச் சைக்கிளுக்கும் நடைக்கும் அந்த நாட்டை உதாரணம் காட்டுகிறோம். எங்கள் பெண்களின் மறியலும் அதற்குக் குறைந்ததில்லை. ஒரு மேட்டைக் கொடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், அவ்வளவுதான்.

அடிபட்டவர்களைக் காப்பாற்றுவதில் தமிழ்நாடு எதற்கும் சளைத்ததல்ல. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. இதனால் பிழைத்தவர்களை நான் அறிவேன். ஆனால் 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலமும் நம்முடையதுதான், 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சாலையில் செத்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர், ஒரு வண்டியிலும் ஏறாதவர். செத்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதிவேகத்தால் போனார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது. தேசத்துக் கணக்கு எதற்கு, 2024 ஜனவரி 28 விடிகாலையில் எங்கள் தென்காசி மாவட்டத்திலேயே, புளியங்குடிக்கும் கடையநல்லூருக்கும் நடுவே சிங்கிலிபட்டி பக்கத்தில், காரும் லாரியும் மோதி ஆறு பேர் போய்விட்டார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள்.

உடைந்த எலும்பை ஒட்டுகிற டாக்டருக்கு இந்த வேதனை முதலில் தெரிந்தது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். விபத்துக்குப் பின் தைத்துக்கொண்டே இருந்தால் போதாது, விபத்தே நடக்காமல் செய்யுங்கள் என்பதுதான் அந்த வழக்கின் சாரம். 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக்கு ஒரு குழு வந்தது. அதே வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதை என்பது நடப்பவரின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. நகரங்களில் இதன் விளைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். சென்னையில் 2023 நவம்பரிலேயே குடியிருப்புப் பகுதிகளில் முப்பது கிலோமீட்டர் என்று வரம்பு போட்டார்கள். ஊராட்சி ஊருக்குள் குறுக்கே ஓடுகிற ரோட்டுக்கும் அந்த முப்பது வந்து சேர வேண்டும். எங்கள் ரோடும் குடியிருப்புக்கு நடுவில்தான் போகிறது.

விபத்து நடந்த இடத்தில் கூடுகிற பேச்சு என்னைப் புண்படுத்துகிற மாதிரி வேறெதுவும் புண்படுத்துவதில்லை. "பாத்து வரக்கூடாதா?" "பாத்துத் தாண்டக்கூடாதா?" ரத்தம் காய்வதற்குள் இதைக் கேட்டுவிடுகிறார்கள். என் சின்ன வயதில் ஒரு ஆட்டுக்குட்டி பஸ்ஸில் அடிபட்டது. கிடை போட வந்த கோனார் பஸ்ஸின் முன்னால் நின்றுகொண்டார். ஊர்ப் பெரியவர்கள் டிரைவரை இறக்கி, "ஆடு மேயுத எடத்துல மெதுவா வரணும்னு ஒனக்குத் தெரியாதா?" என்றுதான் கேட்டார்கள். ஆடு ஏன் பார்த்து வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டுக்குக் கிடைத்த அந்த நியாயம் இன்றைக்கு என் அத்தைக்கும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிற பிள்ளைக்கும் கிடைக்கவில்லை.

மெதுவாகப் போகவே முடியாது என்று சொல்கிறவர்களுக்குத் தை மாதத்தைக் காட்டுவேன். பூசத்துக்கு முன்னால் பச்சை வேட்டி கட்டிய கூட்டம் திருச்செந்தூருக்கு நடந்து போகும், ராவும் பகலுமாக. முருகன் படம் வைத்த வண்டியில் டியூப் லைட் எரியும், பாட்டு ஓடும், பின்னால் வெறுங்காலோடு நூற்றுக்கணக்கில் நடப்பார்கள். போலீஸார் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், பேரிகார்டு வைக்கிறார்கள். டிப்பர்காரரும் பஸ்காரரும் அந்த நாட்களில் வேகத்தைக் குறைக்கத்தான் செய்கிறார்கள். சாமிக்கு நடக்கிறவர்கள் என்ற மரியாதை, மோதினால் பாவம் என்கிற பயம், இரண்டும் இருக்கிறது. அந்த வேகத்தில் சரக்கும் போய்ச் சேர்கிறது, பஸ்ஸும் போய்ச் சேர்கிறது. ரேஷன் கடைக்கு நடக்கிறவளுக்கும் அதைச் செய்யலாம். ஆனால் வருஷம் முழுக்க டிரைவரின் பக்தியை நம்பியிருக்க முடியாது. அதற்கு ரோட்டையே அப்படி அமைக்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலைகளில் விபத்துப் பகுதி என்று ஒரு இடத்தை அறிவிக்க மத்திய அமைச்சகம் ஒரு இலக்கணம் வைத்திருக்கிறது. ஐந்நூறு மீட்டர் நீளத்துக்குள், மூன்று வருஷத்தில் உயிர் போன அல்லது படுகாயமான விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். எங்கள் ரோடு தேசிய நெடுஞ்சாலை இல்லை. ஆனாலும் எந்த அலுவலகத்துக்கு மனுவோடு போனாலும், அங்கே இதுவரை எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. நிதி குறைவாக இருக்கும்போது எங்கே முதலில் செலவழிப்பது என்று அவர்களுக்கும் ஒரு அளவு வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இழவு விழுந்த பிறகுதான் ஒரு இடத்தை எண்ணத் தொடங்குவது என்றால், முதலில் விழுகிறவர் யார் வீட்டு ஆள்?

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, ஊராட்சியால் அதில் கை வைக்க முடியாது. ஆனால் தீர்மானம் போடலாம், அதைக் கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பலாம். வேகத்தடை வேண்டும் என்று வெறுமனே எழுதினால் போதாது என்று நானும் இங்குள்ள சில ஆசிரியர்களும் பேசிக்கொண்டிருக்கிறோம். காலை எட்டு மணியிலிருந்து பத்து வரை, பிறகு சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், ரோட்டைக் கடக்கிற ஆட்களை எண்ணித் தாளில் எழுதப் போகிறோம். பிள்ளைகளுக்கு ஒரு கட்டம், வயசானவர்களுக்கு ஒரு கட்டம், தலையில் சுமையோடு வருகிறவர்களுக்கு ஒரு கட்டம், பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு ஒன்று. ரோட்டோரத்துக் கருவேல் முள் எந்தெந்த இடத்தில் நடையை மறிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்வோம். அந்தத் தாளைத் தீர்மானத்தோடு சேர்த்து அனுப்புவோம். அடுத்த தார் எப்போது போட்டாலும் மேட்டையும் வெள்ளைப் பட்டையையும் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும் என்று ஒரு வரியும் எழுத வேண்டும், இல்லையென்றால் மறுபடி புதைந்துவிடும்.